கழிவு: ஐந்து சதவீதம்

1

இந்தக் கதை ஒரு கணக்குத் தாளின் பதினேழாவது வரியில் பிறந்தது. அந்த வரியில் ஒரு சொல்லைத் தட்டியவள் நான். "கழிவு" என்று தட்டினேன். பக்கத்துக் கட்டத்தில் ஐந்து சதவீதம் என்று போட்டேன். இரண்டும் சேர்ந்து நாலைந்து வினாடி ஆகியிருக்கும். அதனால் ஒரு பெண்ணுக்குத் திருடி என்று பெயர் வந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்குக் காவல் நிலையத்தில் விசாரணை. இன்று சனிக்கிழமை மதியம். சமையலறை மேசையில் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எப்படித் தொடங்குவது என்றே ஒரு மணி நேரம் போய்விட்டது. முதலில் இப்படி எழுதினேன்:

நரின் ஆற்றின் மேல் பனிக்கட்டி உறைந்து கிடந்த ஜனவரி மாதத்தில் ஒரு நாள்,

அடித்துவிட்டேன். ஆற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆறா அவளைப் பிடித்துக் கொடுத்தது? அடுத்து இப்படி:

சைராகான் என்ற ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி, பதினோரு வருடமாக ஒரே மேசையில் நின்றுகொண்டு

இதையும் நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் நீங்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவீர்கள். அவளைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை. எனக்குக் கோபம் வருகிறது, உங்களுக்கும் வர வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். ஆகவே மூன்றாவது தொடக்கம்:

ஒரு கம்பெனி நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இது இருக்கட்டும்.

2

அந்தக் கம்பெனி மன்ட்டி செய்து உறையவைத்து விற்கிறது. (மன்ட்டி என்பது மெல்லிய மாவுக்குள் இறைச்சியும் வெங்காயமும் கொழுப்பும் வைத்து மூடி ஆவியில் வேகவைப்பது. கொழுக்கட்டை என்று எழுதியிருப்பேன். ஆனால் உங்கள் நினைப்பு பிள்ளையாரிடம் போய்விடும், அவர் பாவம் சைவம்.) கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் முதலாளி என் மேல் வழக்குப் போடுவார். தமிழ் படிக்கத் தெரியாத மனிதர் எப்படிப் போடுவார் என்று கேட்கிறீர்களா? அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் வைத்திருங்கள்.

முதலாளியின் பெயர் ஷம்ஷிபெக். வயது நாற்பத்தைந்து. நல்ல மனிதர் என்று எழுதிப் பார்த்தேன், அடித்தேன். கெட்ட மனிதர் என்று எழுதிப் பார்த்தேன், அதையும் அடித்தேன். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுப்பார். கதைக்கு இப்படி ஒரு ஆள் பெரிய தொல்லை.

அடுத்தது நான். டாக்டராகப் போகிறாள் என்று அப்பா நிலத்தை விற்றுப் பணம் கட்டிக் கிர்கிஸ்தானில் உள்ள ஜலாலாபாத்துக்கு அனுப்பிவைத்த பெண். உடற்கூறியலில் இரண்டு தடவை தோற்றேன். நரின்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். கணக்குப் படித்தேன். நரின் என்ற இந்த ஊருக்கு வந்து பதினாலு வருடம், இந்தக் கம்பெனியில் ஆறு வருடம். என் கணவர் ஓட்டுவதும் இதே கம்பெனியின் லாரிதான். அங்கே எல்லோருக்கும் நான் "டாக்டர்". கேலியாகத் தொடங்கிய பெயர், பிறகு கேலி போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மன்ட்டி பிடிக்கும் பெண்கள் பத்துப் பேர். அவர்களுக்குத் தலைவி என்று யாரும் நியமிக்காத தலைவி சைராகான். எங்கள் எல்லோருக்கும் அவள் எஜே, அதாவது அக்கா. முதலாளியும் அவளை எஜே என்றுதான் கூப்பிடுவார், "நீங்க, வாங்க" என்றுதான் பேசுவார். இந்த மரியாதை பின்னால் உடையப்போகிறது என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன். (ஆசிரியர்கள் இதையெல்லாம் மறைத்துவைத்துத் திடுக்கிட வைப்பார்கள். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை.)

3

இந்தப் பகுதியில் கணக்கு வரும். தாண்டிப் போகாதீர்கள். ஆயுதம் இதற்குள்தான் இருக்கிறது.

மாதம் நான்கு லட்சத்து எண்பதாயிரம் சோம். (சோம் இந்த நாட்டுப் பணம்.) ஒரு பொட்டலம்கூட விற்காவிட்டாலும் கம்பெனிக்கு இவ்வளவு செலவு ஆகியே தீரும். கட்டடம், குளிர்கிடங்கு வாடகை, மின்சாரம், லாரி, வங்கிக் கடன், முதலாளியின் ஜீப், என் சம்பளம் எல்லாம் இதில் சேர்த்தி. இது நிலையான செலவு. ஒரு கிலோப் பொட்டலத்தைக் கடைக்கு நானூறு சோமுக்குக் கொடுக்கிறோம். அதைச் செய்ய இறைச்சி, மாவு, பை, பிடிகூலி என்று முந்நூற்றிருபது ஆகிறது. இது மாறும் செலவு. மிஞ்சுவது எண்பது. எண்பது எண்பதாகச் சேர்த்து அந்த நான்கு லட்சத்து எண்பதாயிரத்தை அடைக்க எத்தனை பொட்டலம் விற்க வேண்டும்? ஆறாயிரம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்கிற புள்ளி அது. நாங்கள் விற்றது ஐயாயிரம். மாதம் எண்பதாயிரம் நஷ்டம்.

இந்தக் கணக்கின் அழகு என்னவென்றால், எங்கே கைவைத்தால் அந்தப் புள்ளி எவ்வளவு கீழே இறங்கும் என்று முன்கூட்டியே காட்டிவிடும். விலையைக் கூட்டலாம். நிலையான செலவைக் குறைக்கலாம். மாறும் செலவைக் குறைக்கலாம். எதைச் செய்வது என்று மட்டும் அது சொல்லாது, அதை மனிதர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கேதான் அயோக்கியத்தனம் உள்ளே நுழைகிறது. கணக்கு பாட்டுக்கு நல்ல பிள்ளையாகத் தாளில் உட்கார்ந்திருக்கும்.

அக்டோபரில் தாளைத் தயார் செய்து முதலாளியிடம் கொண்டுபோனேன்.

"வாங்க டாக்டர். நம்ம கம்பெனிக்கு என்ன வியாதி? பொழைக்குமா?"

"பொழைக்கும் பைகே." (பைகே என்றால் அண்ணன்.) "மூணு மருந்து இருக்கு. பொட்டலத்துக்கு இருபது சோம் ஏத்துங்க. நாலாயிரத்தி எண்ணூறு வித்தாலே போதும்."

"ஏத்தினா கடைக்காரன் பக்கத்து ஊரு மன்ட்டிக்குப் போயிடுவான். அடுத்தது?"

"குளிர்கிடங்கு வாடகை. மாசம் ஒரு லட்சத்தி இருபதாயிரம் குடுக்கறோம். இந்த ஊர்ல அறுபதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் சிரிப்பு நின்றது. கிடங்கு அவர் மச்சினனுடையது.

"அதுல கை வெக்காதே. வெச்சா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா."

"ஜீப்புக்கு மாசம் நாப்பதாயிரம் போகுது."

"பேங்க் மேனேஜரைப் பார்க்க நான் என்ன பஸ்ல தொங்கிட்டா போறது? அப்புறம் எவன் கடன் குடுப்பான்? ஏம்மா, நீ எனக்கு வைத்தியம் பாக்கறியா, இல்ல காலையே வெட்டறியா?"

அந்த இரண்டு வரியை மட்டும் நேர் செய்திருந்தால் நிலையான செலவு மூன்று லட்சத்து எண்பதாயிரம் ஆகியிருக்கும். அதே ஐயாயிரம் பொட்டலத்தில் மாதம் இருபதாயிரம் லாபம். ஒருவரையும் தொட வேண்டியிருக்காது. இதை அன்று அவரிடம் உரக்கச் சொன்னேனா? இல்லை. தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"மூணாவது என்ன?" என்று கேட்டார்.

அவர் விரல் தானாகப் பதினேழாவது வரிக்குப் போனது. கழிவு, ஐந்து சதவீதம்.

4

அது கழிவு இல்லை. அது கெஷிக்.

இந்த ஊரில் விருந்துக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். மிச்சமான ரொட்டியும் இறைச்சியும் இனிப்பும் பையில் கட்டி வீட்டுக்கு வரும். அதுதான் கெஷிக். கொடுக்காதவன் கஞ்சன், வாங்காதவன் திமிர் பிடித்தவன். கம்பெனியின் முதல் நாளில் ஷம்ஷிபெக் தானே பைகளைக் கட்டிப் பத்துப் பெண்களின் கையிலும் கொடுத்தாராம். "என் வாசல்லேருந்து யாரும் வெறுங்கையோட போகக் கூடாது" என்றாராம். அன்றிலிருந்து மாலை மணி அடித்ததும் ஆளுக்கு ஒரு கிலோ. நல்லதை எடுக்க மாட்டார்கள். மாவு கிழிந்தது, வாய் சரியாக மூடாதது, கோணலானது, இவை மட்டும்தான். கிழிந்ததற்குக் கூலி கிடையாது, பைதான் அதற்குக் கூலி.

பத்துப் பேர், ஆளுக்கு ஒரு கிலோ, மாதம் இருபத்தைந்து நாள். இருநூற்றைம்பது கிலோ. சரக்கு மதிப்பு கிலோவுக்கு இருநூற்றெண்பது. மாதம் எழுபதாயிரம். பொட்டலத்துக்குப் பதினாலு சோம்.

நான் படித்த பாடப்புத்தகத்தில் கெஷிக்குக்கு வரி இல்லை. கூலி என்று எழுதியிருக்கலாம். தரம் பிரிக்கும் செலவு என்று எழுதியிருந்தால் இன்னும் சரி. நான் சோம்பேறித்தனமாகக் கழிவு என்று எழுதினேன். தெரியாமல் எழுதவில்லை. பதினாலு வருடமாக எத்தனையோ வீட்டிலிருந்து கெஷிக் கட்டிக்கொண்டு வந்தவள் நான்.

"இதை நிறுத்தினா?" என்றார்.

"மிச்சம் எண்பதுக்குப் பதிலா தொண்ணூத்தி நாலு. ஐயாயிரத்தி நூத்தி ஏழு வித்தா போதும். மாச நஷ்டம் பத்தாயிரமாக் குறையும்."

"பாத்தியா! யாரையும் வேலைய விட்டு அனுப்ப வேண்டாம், விலைய ஏத்த வேண்டாம். நீ நெஜமாவே டாக்டர்தான்."

எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று முழுக்கப் பெருமையாகத்தான் இருந்தது.

5

நவம்பர் முதல் தேதி கெஷிக் நின்றது. முதலாளி பெண்களைக் கூப்பிட்டு, "இனிமே கிழிஞ்சதும் பொட்டலத்துக்குத்தான்" என்றார். ஜிபர் என்ற பெண், வாய்த்துடுக்கானவள், "அப்ப கிழிஞ்சதுக்கும் பிடிகூலி உண்டா பைகே?" என்று கேட்டாள். "கிழிக்கறதுக்குக் கூலி வேறயா உனக்கு?" என்றார். அவர் மட்டும் சிரித்தார்.

(இங்கே ஒரு வர்ணனை வைக்கலாம். பெண்களின் கைகள், மாவு, குளிர். வைக்கப் போவதில்லை. அந்தக் கைகளை அழகாக வர்ணித்துப் புண்ணியம் தேடிக்கொள்ளும் கதைகளை நிறையப் படித்துவிட்டேன்.)

கிழிந்த மன்ட்டியை ஆவியில் வைத்தால் சாறெல்லாம் கீழே வடிந்துவிடும். தட்டில் வெறும் தோல் நிற்கும். டிசம்பரில் கடைக்காரர்கள் பொட்டலங்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். ஒருவர் தொலைபேசியில் கத்தினார்: "ஏம்மா, மன்ட்டி கேட்டா சூப் அனுப்பறீங்க? என் சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி மானம் போச்சு!" டிசம்பர் விற்பனை நான்காயிரத்து இருநூறு.

கணக்குப் போட்டேன். நான்காயிரத்து இருநூறைத் தொண்ணூற்று நான்கால் பெருக்கினால் மூன்று லட்சத்துத் தொண்ணூற்று நான்காயிரத்து எண்ணூறு. நஷ்டம் எண்பத்தையாயிரத்து இருநூறு. பழைய நஷ்டத்தைவிட ஐயாயிரத்து இருநூறு அதிகம்.

பத்துப் பெண்களும் பதினோரு வருடமாகக் கம்பெனிக்குச் சும்மா ஒரு வேலை செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு மன்ட்டியையும் கையில் எடுத்துப் பார்த்து, கெட்டதைத் தனியே வைத்து, அதைத் தங்கள் வீட்டில் தின்று தீர்த்திருக்கிறார்கள். அதை நிறுத்தச் சொன்ன தாள் என்னுடையது.

இதை முதலாளியிடம் சொன்னேன். இந்தத் தடவை சொன்னேன், அதை நம்புங்கள். அவர் கேட்கவில்லை. வங்கியிலிருந்து கடிதம் வந்திருந்தது: நஷ்டம் ஏன் கூடியது என்று விளக்க வேண்டும்.

"காரணம் இருக்கு. பொம்பளைங்க வேணும்னே பண்றாங்க. பை போச்சுங்கற ஆத்திரம். வாசல்ல சோதனை போடு" என்றார்.

6

ஜனவரி பதினாறு, மாலை ஐந்து மணி. வாசல் காவலாளி சைராகானின் பையைத் திறந்தார். அவர் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். திறந்து பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மூடுவதற்குள் முதலாளி வந்துவிட்டார். பைக்குள் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மன்ட்டி இருந்தது. எல்லாம் கிழிந்தது.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் பேசியது கிர்கிஸ் மொழியில். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

"என்ன இது?"

"கிழிஞ்சது."

"கிழிஞ்சதும் பொட்டலத்துக்குன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம் எதுக்கு எடுத்தே?"

எடுத்தே என்றார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. பின்னால் நின்ற பெண்களில் யாரோ மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

 சைராகானும் மரியாதையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"கை வரல, ஷம்ஷி. இதை எவனோ காசு குடுத்து வாங்கி விருந்தாளி முன்னாடி வெப்பான். நான் பிடிச்சது அது. எப்படி உள்ள போடுவேன்?"

"நீ பிடிச்சதா? மாவு என்னுது, கறி என்னுது. கை மட்டும் உன்னுதா?"

"ஆமா. கை என்னுதுதான்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "டாக்டர், கணக்கு போடு. பதினோரு வருஷம். ஒரு நாளைக்கு ஒரு கிலோ."

போட்டேன். பதினோரு வருடம், நூற்று முப்பத்திரண்டு மாதம், மூவாயிரத்து முந்நூறு கிலோ, ஒன்பது லட்சத்து இருபத்துநாலாயிரம் சோம். அவளுடைய நாற்பத்தாறு மாதச் சம்பளம். தான் கையால் கட்டிக்கொடுத்த பைகளை ஒரு மனிதர் பின்தேதி போட்டுத் திருட்டாக்கினார். அதைப் பெருக்கிச் சொன்னது நான். இயந்திரம் பெருக்கியது என்று எழுதத் தோன்றுகிறது. இல்லை, நான்தான்.

7

இனி முடிவுகள். மூன்று எழுதிவைத்திருக்கிறேன்.

(அ) நான் தாளைக் கிழித்து முதலாளியின் மேசையில் எறிகிறேன். "உங்க மச்சினன் வாடகைய முதல்ல கழிவுல போடுங்க!" என்று கத்துகிறேன். எழுதியபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. பச்சைப் பொய்.

(ஆ) மறுநாள் காலை ஒன்பது பெண்களும் தங்கள் பைகளை முதலாளியின் மேசையில் வரிசையாக வைக்கிறார்கள். "எங்களையும் கணக்குல சேருங்க" என்கிறார்கள். ஒன்பது பேரைப் போலீசில் கொடுத்தால் மன்ட்டி யார் பிடிப்பார்கள்? முதலாளி தலைகுனிகிறார். இதுதான் உங்களுக்குப் பிடித்திருக்கும். எனக்கும் பிடித்திருந்தது, மூன்று பக்கம் எழுதினேன். நடக்கவில்லை. நரினில் ஜனவரி மாதத்தில் வேறு வேலை எங்கே இருக்கிறது? ஒன்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டு மன்ட்டி பிடித்தார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

(இ) நடந்தது.

மறுநாள் சைராகானைக் கணக்கறைக்கு வரச்சொன்னார்கள். முதலாளி, நான், அவள். சேதத் தொகைச் சான்று என்று தலைப்பிட்ட தாள் மேசையில் இருந்தது. கணக்காளர் கையெழுத்துப் போட்டால் அது போலீசுக்கும் வங்கிக்கும் போகும். சைராகான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"தப்பு" என்றாள்.

"எது தப்பு? எடுக்கலங்கறியா?" என்றார் முதலாளி.

"பெருக்கல் தப்பு. ஜூலைல ஃபேக்டரி மூடி எல்லாரும் மேய்ச்சல் மலைக்குப் போயிடறோம். பதினோரு ஜூலை கழியணும். எனக்குக் கை ஒடைஞ்சு நாலு மாசம் வரல. அதையும் கழி டாக்டர். கணக்குன்னா ஒழுங்கா இருக்க வேணாமா?"

கழித்தேன். நூற்றுப் பதினேழு மாதம். எட்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரம்.

"இப்ப சரி. அடுத்த தாள எடு. டிசம்பர்ல எத்தனை பொட்டலம் கொறைஞ்சுது?"

"எண்ணூறு எஜே."

"ஒண்ணுக்கு என்ன மிஞ்சும்?"

"தொண்ணூத்தி நாலு."

"பெருக்கு."

"எழுபத்தஞ்சாயிரத்தி இருநூறு."

"நாங்க பத்துப் பேரும் மாசம் கொண்டுபோனது எவ்வளவு?"

"எழுபதாயிரம்."

"அப்ப பதினோரு வருஷமா யார் வீட்டுலேருந்து யார் எடுத்தது? அதையும் எழுதி அடியில கையெழுத்து போடு. ரெண்டையும் சேத்தே போலீசுக்கு அனுப்புங்க. நான் வரேன்."

எட்டாவது வகுப்போடு நின்றவள். நான் மூன்று வருடம் படித்த பாடத்தை நின்ற நிலையில் முடித்துவிட்டாள்.

முதலாளி இரண்டு தாளையும் என் பக்கமாக நகர்த்தினார். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார்: "ரெண்டும் உன் முன்னாடி இருக்கு டாக்டர். எதுல வேணா போடு. உன் வீட்டுக்காரன் லாரிய ஓட்டிட்டு இப்பதான் வந்தான், வாசல்ல நிக்கறான்."

முதல் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

சைராகான் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியது ஜிபர்தான், நடைவழியில் என்னை மறித்துக்கொண்டு. "டாக்டர், உங்க வீட்டுக் குளிர்பெட்டில இருக்கற மன்ட்டிய எந்தக் கணக்குல எழுதினீங்க?"

8

ஒரு திருத்தம். மேலே பத்துப் பை என்று எழுதினேன். பை பதினொன்று.

ஆறு வருடமாகத் தினமும் மாலையில் அந்தப் பத்துப் பேரும் தங்கள் பையிலிருந்து நாலு நாலாக எடுத்துப் பதினோராவது பை கட்டி என் மேசையில் வைப்பார்கள். கணக்கறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு மாவு கிழியாது அல்லவா, அவள் மட்டும் வெறுங்கையோடு போகலாமா? ஆறு வருடமும் வாங்கிக்கொண்டு போனேன். என் பிள்ளைகள் அதைத் தின்றுதான் வளர்ந்தார்கள். என் பையை மட்டும் எந்தத் தாளிலும் எழுதவில்லை. இந்தக் கதையிலும் ஏழு பகுதி வரை எழுதவில்லை. நீங்கள் கவனித்திருக்க வழியில்லை, நான் அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்தேன்.

நேற்று சைராகானின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு டீ ஊற்றினாள், ரொட்டியைப் பிட்டு வைத்தாள். அது இந்த ஊர் வழக்கம், அதற்காக என்னை மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைக் கதையாக எழுதப் போகிறேன், உங்கள் பெயரை மாற்றிவிடுகிறேன் எஜே என்றேன்.

"எதுக்கு மாத்தணும்?"

"உங்களுக்கு நல்லதுன்னுதான்."

"பேரை மறைக்கறது திருடினவளுக்கு. என் பேரை அப்படியே எழுது. எந்த பாஷைல எழுதற?"

"எங்க பாஷைல."

"இங்க யாருக்குப் படிக்கத் தெரியும்?"

"எனக்கு மட்டும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வர்ணிக்க எனக்குத் தைரியம் இல்லை. "நல்ல ஆளும்மா நீ. எனக்கு விரோதமா எழுதினது ஊருக்கே புரியற பாஷைல. எனக்காக எழுதறது யாருக்கும் புரியாத பாஷைல."

9

தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படலாம். மச்சினனின் வாடகையைப் பற்றி எழுதலாம், ஜீப்பைப் பற்றி எழுதலாம், என்னையே நான் செருப்பால் அடித்துக்கொள்ளலாம். அடைப்புக்குறி போடலாம், மூன்று முடிவு எழுதலாம், நீங்களும் நன்றாக எழுதியிருக்கிறாள் என்று சொல்வீர்கள். லாரிச் சாவி என் கணவரின் சட்டைப் பையிலேயே இருக்கும். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சைராகான் எனது கையெழுத்து உள்ள தாளுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தத் திங்கட்கிழமை எப்போதோ முடிந்திருக்கும். நான் போனேனா இல்லையா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். என்னை இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறீர்கள். நல்லவிதமாக நினைத்துக்கொண்டு சமாதானமாகிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

காவல் நிலையத்துக்குக் கொடுக்க வேண்டியது ஒரு பக்கம்தான். பதினேழாவது வரி தவறு, அது கழிவு அல்ல, கம்பெனி முதல் நாளிலிருந்து கொடுத்துவந்த கெஷிக், அதை ஆறு வருடம் நானும் வாங்கினேன். கிர்கிஸ் மொழியில் நாலே வாக்கியம். தமிழில் இத்தனை பக்கம் எழுத முடிந்தவளுக்கு அந்த நாலு வாக்கியத்துக்குக் கை வரவில்லை.

இந்தக் கதையின் முடிவைத் தமிழில் எழுத முடியாது. எழுதினால் அது இன்னொரு ஒளிவிடம். ஆகவே இந்தத் தாளை நகர்த்தி வைத்துவிட்டு வேறொரு தாள் எடுத்திருக்கிறேன். நரின் நகரக் காவல் நிலையத்துக்கு என்று முதல் வரியைக் கிர்கிஸில் எழுதிவிட்டேன். இரண்டாவது வரியில் என் பெயர் வர வேண்டும்.